அரசு மீது வழக்கு: 36 மாதக் கெடு நெருங்குகிறது, வக்கீல் தேவை

வணக்கம். பினாங்கிலோ கோலாலம்பூரிலோ போலீஸ், அரசு இலாகா மீது சிவில் வழக்கு நடத்திய வக்கீல் யாரையாவது தெரியுமா? அவசரம்.

என் அண்ணன் மகனை விசாரணைக்கென்று லோக்கப்பில் வைத்திருந்தார்கள். குற்றச்சாட்டு எதுவும் இல்லாமல் விட்டார்கள், ஆனால் வலது காது கேட்காமல் வந்தான். செவிப்பறை கிழிந்திருப்பதாக டாக்டர் எழுதிய தாள் இருக்கிறது. இப்போதும் யார் கூப்பிட்டாலும் இடது பக்கமாகத்தான் திரும்புகிறான். ரிப்போர்ட் கொடுத்தோம். "விசாரணை நடக்கிறது" என்ற பதிலிலேயே இரண்டு தீபாவளி போய்விட்டது.

தனியார் ஒருவர் அடித்திருந்தால் வழக்குப் போட 1953-ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டப்படி 6 ஆண்டு இருக்கும். அரசு ஊழியர் கடமையின்போது செய்தது என்றால், 1948-ஆம் ஆண்டுப் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 2-ஆம் பிரிவுப்படி 36 மாதம்தான். பாதி! பாதிக்கப்பட்டவனுக்கு இது பெரிய அநியாயம். புகார் விசாரணையில் இருக்கிறது என்பதற்காக இந்தக் கெடு நிற்காது. அரசுத் தரப்பின் முடிவைச் சரிபார்க்கும்படி உயர் நீதிமன்றத்தைக் கேட்கும் நீதிமன்றச் சீராய்வுக்கு வெறும் 3 மாதம், அது எப்போதோ போய்விட்டது.

பாதிப்பு தொடர்ந்தால், அது நின்ற நாளிலிருந்து எண்ணலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. திரும்பாத கேட்கும் திறனுக்கு இது பொருந்துமா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள். அப்புறம், வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தில் இப்படிப்பட்ட வழக்கை எடுப்பார்களா? அண்ணன் லாரி ஓட்டுகிறார், பெரிய கட்டணம் தாங்காது. தனிச்செய்தியில் எழுதினாலும் சரி.