புதுப்பிப்பு: எங்கள் கட்சி கூட்டணியில் சேரவில்லை

இணைய அரசாங்க விளையாட்டில் நாங்கள் நடத்தும் சின்னக் கட்சி ஆளும் கூட்டணியில் சேரலாமா, எதிர்வரிசையிலேயே இருக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. சேரவில்லை. அமைச்சர் பதவிக்கு ஈடாக எங்கள் வீட்டு வாடகைச் சட்டவரைவைக் கைவிடச் சொன்னார்கள். கட்சியில் யாருக்கும் அதில் மனசில்லை.

அப்புறம்தான் நல்ல திருப்பம். யீஷூனிலிருந்து விளையாடும் தம்பி ஒருவர், நம் சிங்கப்பூரின் தொகுதியில்லா நாடாளுமன்ற உறுப்பினர் முறையை விளையாட்டிலும் கொண்டுவரலாமே என்றார். இங்கே எதிர்க்கட்சிகள் 12 இடங்களுக்குக் குறைவாக வென்றால், தோற்றவர்களில் அதிக வாக்கு விகிதம் பெற்றவர்களைக் கொண்டு மீதியை நிரப்பலாம். குறைந்தது 15 விழுக்காடாவது வாங்கியிருக்க வேண்டும். 2025இல் பாட்டாளிக் கட்சி 10 தொகுதி இடங்களை வென்றது. அதனால் கூடுதலாக 2 பேர் உள்ளே போனார்கள்.

இந்த முறைக்காக நாங்கள் எழுதிய வரைவில் மூன்றாம் விதிக்குத்தான் பெரிய சண்டை: “இவ்வுறுப்பினர் எல்லாத் தீர்மானங்களிலும் வாக்களிக்கலாம்.” பேச மட்டும் விடலாம் என்கிறது ஆளுங்கட்சி. இங்கேயும் முன்பு வரவுசெலவுத் திட்டம், அரசமைப்புத் திருத்தம் போன்றவற்றில் தொகுதியில்லா உறுப்பினர்களுக்கு வாக்கு கிடையாது. 2016 திருத்தத்துக்குப் பிறகே முழு உரிமை வந்தது. வாக்கில்லாத நாற்காலி எங்களுக்கு வேண்டாம், அதில் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

வாக்கெடுப்பு ஞாயிறு இரவு முடிகிறது. விளையாட்டில் கணக்கு உள்ளவர்கள் மூன்றாம் விதியை ஒருமுறை படித்துவிட்டு வாக்களியுங்கள்.