தோட்டத்துப் பெரியவர் ஒருவரின் நினைவை எவ்வாறு போற்றுவது?

கேள்வி (மஸ்கெலியா இளைஞர்):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பொதுவேலை செய்த பெரியவர் ஒருவர் அண்மையில் காலமானார். தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்ற அவர் ஒரு காலத்தில் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவராக இருந்தார். பிற்காலத்தில் கோவில் கமிட்டியிலும் மரண உதவிச் சங்கத்திலும் பொறுப்பேற்றார். பிரஜாவுரிமை விண்ணப்பம், அடையாள அட்டை, பிறப்புப் பதிவு, சேமலாப நிதி என்று ஏதேனும் ஒரு கடதாசியை அவர் கையால் எழுதுவித்துக்கொள்ளாத குடும்பம் எங்கள் லயன்களில் (தொழிலாளரின் வரிசை வீடுகளில்) இல்லை. அதற்காக அவர் எவரிடமும் காசு வாங்கியதில்லை.

கருமாதி முடிந்தபின், கொழும்பிலும் வெளிநாட்டிலும் வேலை செய்யும் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் ஒரு தொகையைச் சேர்த்திருக்கிறார்கள். சந்தியில் மார்பளவுச் சிலை வைக்க வேண்டும் என்கிறார்கள் சிலர். அவர் பெயரில் பஸ் தரிப்பிடம் கட்டலாம் என்கிறார்கள் வேறு சிலர். நினைவு மலர் போதும் என்பவர்களும் உண்டு. முதலாம் ஆண்டு நினைவுக்குள் இதை முடிக்க விரும்புகிறோம். அனுபவமுள்ளவர்கள் ஆலோசனை கூற வேண்டுகிறேன்.

பதில் 1 (ஓய்வுபெற்ற ஆசிரியர், ஹட்டன்):

தம்பி, அந்தப் பெரியவரின் ஆத்மா சாந்தியடையப் பிரார்த்திக்கிறேன். சிலையைப் பற்றி முடிவெடுக்கும் முன், அவர் எழுதிக் கொடுத்த கடதாசிகள் இப்போது எங்கே இருக்கின்றன என்று தேடிப் பாருங்கள். அவருடைய வாழ்க்கை வரலாறு பெரும்பாலும் மற்றவர்களின் ட்ரங்குப் பெட்டிகளுக்குள்ளேதான் கிடக்கும்.

இன்றைய பிள்ளைகளுக்கு இதன் கனம் தெரியாது என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவர்களில், அதாவது இந்திய வம்சாவளி மலையகத் தமிழரில், மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டு இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிலெடுத்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்துவிட்டு, மிகுதி 1,50,000 பேரின் விடயத்தைப் பின்னுக்குத் தள்ளிவைத்தது. இந்தியாவுக்கு விண்ணப்பித்துக் கடவுச்சீட்டும் பெற்ற பலர், 1984இல் தலைமன்னார்க் கப்பல் சேவை நின்றுபோனதால் இங்கேயே தங்கிவிட்டார்கள். 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டுச் சட்டமும் வந்த பின்பே இந்தச் சிக்கல் பெரும்பாலும் அவிழ்ந்தது. ஆனால் சட்டம் கொழும்பில் நிறைவேறியதும் உரிமை தானாக லயனுக்கு வந்து சேர்ந்துவிடவில்லை. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி முதல் இந்த நாட்டிலேயே வாழ்ந்தவர் இவர், அல்லது அப்படி வாழ்ந்தவரின் வழிவந்தவர் இவர் என்பதை எடுத்துக்காட்ட யாராவது ஒருவர் செக்ரோலில் (தோட்டத்தின் வேலைப் பதிவேட்டில்) ஒரு விதமாகவும் பிறப்புச் சான்றிதழில் இன்னொரு விதமாகவும் எழுதப்பட்ட பெயரை ஒப்பிட்டு, சத்தியக் கடதாசி எழுதி, தோட்டக் காரியாலயத்துக்கும் கச்சேரிக்கும் (மாவட்ட அரச அலுவலகத்துக்கும்) நடக்க வேண்டியிருந்தது. உங்கள் பெரியவர் நடந்த நடை அதுதான்.

ஆகவே, வீடு வீடாகச் சென்று, "உங்களுக்காக அவர் என்ன எழுதினார், எந்த அலுவலகத்துக்குப் போனார், எத்தனை முறை திருப்பி அனுப்பப்பட்டார்?" என்று கேட்டுக் குரலைப் பதிவு செய்யுங்கள். முதியவர்களிடம் முதலில் போங்கள். ஆவணங்களைப் படமெடுத்தால் அடையாள அட்டை இலக்கங்களை மறைத்துவிடுங்கள். இத்தகைய பொருட்களை எண்ணிமத்தில் பாதுகாக்கும் வேலையை நூலகம் நிறுவனம் செய்துவருகிறது. கம்பளைப் பக்கத்தில் பழைய லயன் அறைகளிலேயே தொழிலாளர் அருங்காட்சியகம் ஒன்றும் இருக்கிறது. போய்ப் பார்த்தால் எதைச் சேகரிக்கலாம் என்ற யோசனை கிடைக்கும்.

பதில் 2 (தொழிற்சங்கப் பணியாளர், பதுளை):

ஆசிரியர் ஐயா கூறுவதை மதிக்கிறேன். ஆனாலும் கல்லும் வேண்டும் என்பது என் கருத்து. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்ட போராட்டத்தின்போது சுடப்பட்ட கோவிந்தனையும், நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்தெடுக்கும் முயற்சியை எதிர்த்து 1977 மே மாதத்தில் டெவன் தோட்டத்தில் உயிர்விட்ட சிவனு லெட்சுமணனையும் நாம் இன்று அறிந்திருப்பது புத்தகங்களால் மட்டும் அல்ல. ஆண்டுதோறும் கூடி அவர்கள் பெயரைச் சொல்ல ஆட்கள் இருந்ததாலும்தான். கூடுவதற்கு ஓர் இடம் வேண்டும். குடியிருக்கும் வீட்டுக்கே உறுதிப் பத்திரம் இல்லாத மக்கள் தங்கள் ஆளின் பெயரை மண்ணில் நட விரும்புவதை வீண் ஆடம்பரம் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் அந்த மண் யாருடையது என்பதை முதலில் பாருங்கள். 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளுக்குக் கைமாறிய போதும் காணி அரசுடையதாகவே இருந்தது. எனவே தோட்ட நிர்வாகத்தின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் அத்திவாரம் வெட்டாதீர்கள். பஸ் தரிப்பிடம் என்றால் பிரதேச சபையை அணுகுங்கள். தோட்டத்துக்குள் பணம் செலவிடச் சட்டம் இடந்தரவில்லை என்று முன்பு சபைகள் கைவிரிப்பதுண்டு. 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்ட பின் அந்தப் பதிலை ஏற்க வேண்டியதில்லை. திறப்பு விழாவுக்கு அரசியல்வாதி ஒருவரை அழைத்தால், கல்லில் அவருடைய பெயர் பெரியவரின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் வந்துவிடும். இதை நான் பார்த்திருக்கிறேன்.

பதில் 3 (முன்பள்ளி ஆசிரியை, பொகவந்தலாவை):

ஒரு கேள்வி, தம்பி. அந்தப் பெரியவரின் மனைவியைப் பற்றி உங்கள் பதிவில் ஒரு வரி கூட இல்லையே? கடதாசி எழுதுவிக்க வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றியது யார்? பெரியவர் ஒருநாள் பேர் (ஒருநாள் சம்பளம்) விட்டுவிட்டு நுவரெலியாவுக்குப் போனபோது அன்றைய அடுப்பு யாருடைய கொழுந்துக் காசில் எரிந்தது? மலையகத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசையரை நினைவுகூரும் பல கூட்டங்களில், தோட்டம் தோட்டமாக அவருடன் சென்று பாட்டெழுதிப் பாடித் தொழிலாளரைத் திரட்டிய அவர் மனைவி மீனாட்சி அம்மையார் ஓரிரு வாக்கியங்களோடு முடிந்துவிடுகிறார். அந்தக் குறை உங்கள் மலரில் வரக்கூடாது. அந்த அம்மா உயிரோடு இருந்தால், முதல் குரல் பதிவு அவருடையதாக இருக்கட்டும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். புகழுரை மட்டுமே நிறைந்த மலரை ஊரார் புரட்டிப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார்கள். அவரால் முடியாமல் போன காரியங்களையும், அவரோடு சண்டை பிடித்தவர்கள் சொல்வதையும் எழுதுங்கள். அப்போதுதான் ஆள் தெரிவார்.

கேள்வி கேட்டவர்:

ஐயாவுக்கும், அண்ணாவுக்கும், டீச்சருக்கும் மிக்க நன்றி. அந்த அம்மா இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டாலும் நினைவு தெளிவாக இருக்கிறது. நேற்று மாலை அவரிடம் சிலையைப் பற்றிக் கேட்டபோது, "அவருக்கு மழையில நிக்கிறது புடிக்காது, தம்பி" என்று சிரித்தார். சிலை யோசனையைக் கைவிட்டோம். பஸ் தரிப்பிடத்துக்கான கோரிக்கைக் கடிதத்தை அடுத்த வாரம் பிரதேச சபையில் கொடுக்கிறோம். குரல் பதிவை இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடமிருந்தே தொடங்குகிறோம். பெரியவரின் அலுமாரியில் தோட்டத்துக் குடும்பங்களின் பெயர்களோடு எழுதிய பழைய கொப்பிகள் ஒரு கட்டு கிடைத்திருக்கின்றன. சில பக்கங்கள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டுள்ளன. அவற்றைக் கிழியாமல் பிரிக்கத் தெரிந்தவர்கள் ஹட்டன், நுவரெலியாப் பகுதியில் யாரேனும் இருந்தால் தயவுசெய்து இங்கே அறியத்தாருங்கள்.