காய்ச்சல் விட்ட அன்றுதான் வாட்டில் படுத்தேன்: உங்களுக்கு எப்படித் தொற்றியது?

வெள்ளவத்தை:

2017 ஜூலை. அந்த வருடம் நாடு முழுக்க 186,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானார்கள், அதில் நானும் ஒருவன். முதல் நாட்களில் கண்ணுக்குப் பின்னால் விரலை விட்டு அழுத்துவது போல வலி. பனடோல் போட்டால் இரண்டு மணித்தியாலம் குறையும், மறுபடி 103. ஐந்தாம் நாள் விடிய வியர்த்துக் கொட்டிக் காய்ச்சல் விட்டது. வேலைக்குப் போகலாம் என்று சட்டை கூட அயன் பண்ணிவிட்டேன். "போறதுக்கு முதல் ஒருக்கா பிளட் குடுத்திட்டுப் போ" என்று அக்கா மறித்தார். பிளேட்லெட் 38,000. ஆனால் டொக்டர் முகம் மாறியது வேறு எண்ணைப் பார்த்து. முந்தின நாள் 42 ஆக இருந்த பி.சி.வி., அதாவது இரத்தத்தில் செவ்வணுக்கள் நூற்றுக்கு எத்தனை பங்கு என்ற அளவு, 51க்கு ஏறியிருந்தது.

"உங்கட ரத்தம் கூடேல்லை தம்பி, தண்ணி கசிஞ்சு தடிச்சிருக்கு" என்றார் வாட்டில் இருந்த தாதி. காய்ச்சல் விடுகிற நேரத்தை ஒட்டித்தான் இரத்தக் குழாய்கள் கசியத் தொடங்குமாம், ஒன்று இரண்டு நாள் கசியுமாம். வைரஸை எதிர்த்து நம் உடம்பே கிளப்பிவிடும் இரசாயனங்களுக்கும் அதில் பெரிய பங்கு. டெங்குவில் நான்கு வகை. பள்ளிக்கூடக் காலத்தில் எனக்கு ஒரு வகை வந்து போயிருந்தது. அடுத்த முறை வேறு வகை வந்தால் பழைய பிறபொருளெதிரிகள் அதைப் பிடிக்கும், ஆனால் முடக்காது. பிடித்த பிடியோடு வெள்ளணுவுக்குள் கொண்டுபோய் விடும், வைரஸ் அங்கே வசதியாகப் பெருகும். காவல்காரனே கள்ளனைக் கைபிடித்துக் கூட்டி வந்த கதை.

குடித்ததையும் பெய்ததையும் அளந்து எழுத வேண்டும். மேல்பக்கம் வெட்டின தண்ணீர்ப் போத்தல், பக்கத்தில் மார்க்கரால் கோடுகள். ஒரு கையில் அது, மறு கையில் சேலைன் தொங்கும் கம்பி. அப்படிக் கழிவறைக்கு நடந்ததைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை.

பிறகு பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வீட்டுக்கு வந்தார். நான்காம் மாடி, ஒரு பூச்சாடி கூடக் கிடையாது, எங்கள் வீட்டில் எங்கே நுளம்பு என்று நெஞ்சை நிமிர்த்தித்தான் நின்றேன். அவர் நேரே குசினிக்குப் போய் பிரிட்ஜை இழுத்தார். பின்னால் தண்ணீர் வடிகிற தட்டு. டோர்ச் அடித்தார். நெளிந்துகொண்டிருந்தன.

உங்களுக்கு வந்தது எது, எந்த வழியால் உள்ளே போனது? எழுதுங்கள்.

கொலன்னாவை:

எனக்குக் குதிக்காலால் போனது. 2016 மே வெள்ளம். களனி கங்கைத் தண்ணீர் வீட்டுக்குள் இடுப்பளவு நின்றது. வடிந்ததும் மூன்று நாள் வெறுங்காலோடு சேற்றை வழித்தேன். பித்தவெடிப்பு உள்ள கால். எலிக்காய்ச்சலுக்கு முன்கூட்டியே போடச் சொல்லி மாத்திரை கொடுத்தார்கள், டொக்சிசைக்கிளின், கிழமைக்கு ஒரு தடவை. வெறும் வயிற்றில் போட்டு ஓங்காளித்ததும் அப்படியே வைத்துவிட்டேன். பிழை என்னுடையது.

பத்தாம் நாள் குளிர் காய்ச்சல். டெங்கு என்றுதான் நினைத்தோம். ஆனால் கெண்டைக்கால் சதையை யாரும் தொட முடியாது, துணி பட்டாலே உயிர் போகும். கண் இரண்டும் சிவப்பு, பீளை இல்லை. டொக்டர் கெண்டைக்காலை அமத்திப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "வெள்ளத்தில இறங்கினீங்களா?"

இந்த எலிக்காய்ச்சல் கிருமி சுருள் வடிவம், தக்கைத் திருகாணி போல. எலியின் சிறுநீரகத்தில் குடியிருக்கும், எலிக்கு ஒன்றும் செய்யாது. சிறுநீரோடு தண்ணீரில் கலந்து, காயத்தாலும் கண், மூக்கு, வாயாலும் நமக்குள் ஏறும். நமக்குள்ளும் அது தேடிப் போவது சிறுநீரகத்தைத்தான். எனக்கு ஒன்றரை நாள் சிறுநீர் இல்லாத மாதிரித்தான், கண் மஞ்சளாகிவிட்டது. பெனிசிலின் ஊசி ஒரு கிழமை. மூன்றாம் நாள் ஒரு போத்தல் நிறையப் போனதும் மனைவி அழுதுவிட்டாள்.

தெமட்டகொடை:

அண்ணை, எலியை மட்டும் திட்டாதீர்கள். மாடு, நாய், பன்றி சிறுநீரிலும் அது இருக்கும். எங்கள் மாமாவுக்கு வந்தது கான் துப்புரவாக்கப் போய். வேறு கதை இல்லை.

கொட்டாஞ்சேனை:

எங்கள் அம்மம்மாவுக்கு வந்தது வெளியிலிருந்து வரவில்லை. வயது 71. முதுகிலிருந்து வலது விலா வரை நெருப்பு வைத்த மாதிரி எரிகிறது என்றார். இரண்டு நாள் சித்தாலேப பூசினோம். மூன்றாம் நாள் அதே இடத்தில் கொத்துக் கொத்தாகக் கொப்புளம், நடு முதுகுக் கோட்டைத் தாண்டவே இல்லை. அக்கி. "சின்ன வயசில கொப்புளிப்பான் வந்ததா?" என்று கேட்டார் டொக்டர். வந்திருக்கிறது, ஒன்பது வயதில், யாழ்ப்பாணத்தில், வேப்பிலைக்கு மேல் படுக்க வைத்தார்களாம். அந்த வைரஸ் அன்று போகவில்லை. முதுகெலும்புக்குப் பக்கத்து நரம்பு முடிச்சில் 62 வருடம் சத்தமில்லாமல் இருந்து, உடம்பு தளர்ந்ததும் அந்த நரம்பு வழியே தோலுக்கு இறங்கியிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் பட்டி போட்டது அதனால்தான்.

அசைக்ளோவிர் கொடுத்தார்கள். கொப்புளம் தொடங்கி 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன், நாங்கள் மயிரிழையில் தப்பினோம். ஆனால் ஒன்றைக் கோட்டை விட்டோம். என் மகனுக்கு அப்போது பத்து மாதம், அம்மம்மாவின் மடியை விட்டு இறங்கமாட்டான். இரண்டு கிழமையில் அவனுக்குக் கொப்புளிப்பான். அக்கிக் கொப்புளத்து நீரிலும் அதே வைரஸ்தானே. அம்மம்மா இன்னும் சொல்லி அழுவார், "நான் ஒன்பது வயசில வாங்கினதைப் பேரப்பிள்ளையின்ர பிள்ளைக்குக் குடுத்திட்டன்" என்று.

தெமட்டகொடை:

வெள்ளவத்தை அண்ணைக்கு: இப்போதுதான் எங்கள் பிரிட்ஜை இழுத்துப் பார்த்தேன். தட்டில் இரண்டு விரல் தண்ணீர். புழு இல்லை, செத்த கரப்பான் ஒன்று மட்டும். கழுவிக் கவிழ்த்திருக்கிறேன்.