ஸ்டீம்பங்க் இசை: தனி வகையா, வேஷம் மட்டுமா?

கானப்பித்தன்:
கொஞ்ச நாளாக ஸ்டீம்பங்க் குழுக்களாகத் தேடிப்பிடித்துக் கேட்டு வருகிறேன். நேராகவே சொல்கிறேன், அப்படி ஓர் இசை வகை கிடையாது. விக்டோரியா காலத்து எந்திரங்களை வைத்துத் தானும் நண்பர்களும் எழுதிய கற்பனைக் கதைகளுக்கு 1987-இல் அமெரிக்க எழுத்தாளர் கே. டபிள்யூ. ஜீட்டர் வைத்த பெயர் அது. பிற்பாடு பாட்டுக்கும் ஒட்டிவிட்டார்கள்.

சியாட்டிலின் ஆப்னி பார்க் 1997-இல் தொடங்கிய குழு. கோத் என்ற இருண்ட ராக், இண்டஸ்ட்ரியல் என்ற எந்திர இரைச்சல் இசை என்று வாசித்துக்கொண்டிருந்தவர்கள், பல வருஷம் கழித்து வான்கப்பல் கொள்ளையர்களாக வேஷம் போட்டதும் ஸ்டீம்பங்க் ஆகிவிட்டார்கள். சான் டியேகோவின் ஸ்டீம் பவர்டு ஜிராஃப், குரல்களை அடுக்கிப் பாடும் பழைய மேடைப் பாணி. பிரைட்டனின் புரொஃபஸர் எலிமென்டல் செய்வது ராப். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இவர்களுக்குள் என்ன உறவு? பித்தளைக் கண்ணாடியும் தொப்பியும்தான் பொது.

தேன்மொழி_திருச்சி:
கண்ணை ஏன் மூட வேண்டும்? மேடைக்கென்றே உருவான இசை இது. ஸ்டீம் பவர்டு ஜிராஃப் 2008-இல் பல்போவா பூங்காவில் தெருக்கூத்து மாதிரி ஆரம்பித்தது. முகத்தில் உலோக நிறம் பூசிக்கொண்டு, 1896-இல் செய்யப்பட்ட இயந்திர மனிதர்கள் என்ற கதையோடு நிற்பார்கள். ஒருவர் பாடும்போது இன்னொருவர் கழுத்தை மட்டும் மெதுவாகத் திருப்பி, பாதியில் நிறுத்தி, அப்படியே உறைந்து நிற்பார். அந்தக் காலத்தில் பிறந்த எந்திரம் பாடினால் எப்படிப் பாடும் என்று யோசித்துத்தான் அந்தக் குரல் இசைவுக்குப் போயிருக்கிறார்கள். பாத்திரம் முதலில், ஒலி அதிலிருந்து வருகிறது. குழுவுக்குக் குழு பாத்திரம் மாறும்போது ஒலியும் மாறாமல் என்ன செய்யும்?

நாகை_ராஜா:
ரெண்டு பேருமே முக்கியமான லண்டன் குழுவை விட்டுவிட்டீர்கள். ‘தி மென் தட் வில் நாட் பி பிளேம்டு ஃபார் நத்திங்’. 1888-இல் ஜாக் தி ரிப்பர் கொலைகள் நடந்த சமயம் லண்டன் சுவரில் கிடந்த சாக்பீஸ் எழுத்திலிருந்து எடுத்த பெயர். வாசிப்பது சுத்தமான பங்க், அதாவது வேகமும் கூச்சலுமான ராக்; கொஞ்சம் மெட்டல். நடுவில் மரம் அறுக்கும் ரம்பத்தை வில்லால் இழுத்து அழவைப்பார்கள்.

இவர்கள் 2010-இல் செய்த காரியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். லண்டன் சாக்கடையைப் பற்றிய ஒரு பாட்டை இசைத்தட்டுக்கு முன்பு ஒலிப்பதிவுக்குப் பயன்பட்ட, எடிசன் காலத்து மெழுகு உருளையில் வெளியிட்டார்கள். ஒரு உருளையில் ரெண்டு நிமிஷம்தான் கொள்ளும், ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் மெழுகு தேயும். அந்தக் கரகரப்புக்குள்ளிருந்து பங்க் கூச்சல் வருகிறது. இதையும் வேஷம் என்பீர்களா?

கானப்பித்தன்:
உருளை நல்ல விஷயம், மறுக்கவில்லை. ஆனால் அது ஊடகம், சாக்கடை பாடுபொருள். நான் கேட்பது ஒலியைப் பற்றி. உண்மையிலேயே நீராவியில் ஒலிக்கும் வாத்தியம் ஒன்று இருந்தது, காலியோப். 1855-இல் அமெரிக்காவில் ஜோஷுவா ஸ்டாடர்ட் காப்புரிமை வாங்கினார். கொதிகலனிலிருந்து நீராவி வரிசையான ஊதல்களுக்குப் போகும். சூடு ஏறி இறங்கும்போது சுருதியும் நகரும். ஆற்றுக் கப்பல்களிலும் சர்க்கஸிலும் வைத்து ஊரையே கூட்டினார்கள். அந்தச் சுருதி விலகலை, அந்த அலறலை அடித்தளமாக வைத்து யாராவது ஒரு பாணியை வளர்த்திருந்தால் தனி வகை என்று முதல் ஆளாக ஒத்துக்கொள்வேன். நான் கேட்டவற்றில் சின்தசைஸரும் டிரம் லூப்பும்தான் அதிகம்.

தேன்மொழி_திருச்சி:
ஒலியை மட்டும் வைத்தா நாம் இசையை வகை பிரிக்கிறோம்? கேசட் கடையில் ‘பக்திப் பாடல்’ என்று ஓர் அடுக்கு இருந்ததே. தேவாரம், எல். ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு, நாகூர் ஹனிபா எல்லாம் அதில்தான். ராகத்திலும் தாளத்திலும் என்ன ஒற்றுமை? யாரும் குழம்பவில்லையே.

அப்புறம், ஒலியில் ஒன்றுமே இல்லை என்பதும் சரியில்லை. 90-களிலேயே ரஸ்புட்டினா குழு கார்செட் அணிந்து, செல்லோ என்ற பெரிய வயலின்களின் ஒலியை மின்கருவியால் கரகரக்க வைத்து (டிஸ்டார்ஷன்) ராக் வாசித்தது. வரவேற்பறையில் அடக்கமாக உட்கார்ந்திருந்த வாத்தியத்தை உறும வைப்பது! மிஸ்டர் பி என்ற ராப்பர் பான்ஜோலேலே என்ற சின்ன நரம்பு வாத்தியத்தை மீட்டிக்கொண்டு, மேட்டுக்குடி ஆங்கிலத்தில் ஹிப்ஹாப் பாடுகிறார். அவருக்கும் எலிமென்டலுக்கும் 2010-இல் பாட்டாலேயே சண்டை, ராப்பில் வழக்கமாக நடக்கிற மாதிரி. பழைய கருவி, இன்றைய தாளம், ரெண்டும் உரசுகிற அந்த இடம் எல்லாரிடமும் இருக்கிறது. நான் கேட்பது அதைத்தான்.

ஹட்டன்_மலர்:
எனக்கு உறுத்துவது வேறு. எலிமென்டல் காலனி துரைமாரின் வெள்ளைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு தேநீரைப் புகழ்ந்து பாடுகிறார். கூட்டம் சிரித்துக் கைதட்டுகிறது. இலங்கையில் 1867-இல் லூல்கந்துராவில் தேயிலைத் தோட்டம் போட்டார்கள். அதன் பிறகு இந்த மலை முழுக்கக் கொழுந்து பறித்தவர்கள் எங்கள் பாட்டிமார். அவர்கள் வியர்வை இல்லாமல் அந்தக் கோப்பை இல்லை. வகையா இல்லையா என்று ஆராய்வதற்கு முன்னால், எந்தக் காலத்துக்காக ஏங்குகிறோம் என்று கேளுங்கள்.

நாகை_ராஜா:
மலர் அக்கா, நியாயமான கோபம். ஆனால் எலிமென்டல் அந்தத் துரையைக் கோமாளியாகத்தான் காட்டுகிறார். நான் சொன்ன லண்டன் குழுவோ நேராகவே ஏழைகள் பக்கம், தொழிலாளி பக்கம் நின்று கத்துகிறது. இங்கிலாந்திலேயே சண்டே டிரைவர் என்ற குழு சிதார், தப்லாவோடு ஆங்கில நாட்டார் இசையைக் கலக்கிறது. ஸ்டீம்பங்க் விழாக்களில் பாடுகிறார்கள். சாம்ராஜ்யத்தின் மறுபக்கத்து ஒலியும் அதே மேடையில் கேட்கிறது.

ஹட்டன்_மலர்:
கோமாளியாகவே இருக்கட்டும் தம்பி. அந்தப் பாட்டில் கோப்பை இருக்கிறது, பறித்தவள் இல்லை. சண்டே டிரைவர் கேட்டுப் பார்க்கிறேன்.

கானப்பித்தன்:
மலர் சொன்னதோடு உடன்படுகிறேன். தேன்மொழி சொல்லும் உரசல் ரஸ்புட்டினாவில் எனக்கும் கேட்கிறது, ஆப்னி பார்க்கில் கேட்கவில்லை. அவர்கள் பாட்டில் வயலினை எடுத்துவிட்டால் பழைய கோத் குழுதான் மிஞ்சும். கேட்கிறது என்றால் பாட்டையும் நிமிஷத்தையும் குறிப்பிட்டுப் போடுங்கள், நானும் அதே இடத்தை ஓட்டிப் பார்க்கிறேன்.