'தம் லகா கே ஹைஷா': சந்தியா திரும்பிப் போனது சரியா?

கேள்வி:
2015-இல் வந்த இந்த இந்திப் படத்தை மறுபடி பார்த்தேன். ஹரித்வாரில் கேசட் கடை வைத்திருக்கும் பிரேம், பத்தாவது தேறாதவன். பி.எட். படித்த தன் மனைவி சந்தியாவை, குண்டாக இருக்கிறாள் என்பதற்காகவே வெறுக்கிறான். நண்பர்கள் முன்னால் கேவலமாகப் பேசுகிறான். அவனோடு போய் அவள் ஏன் வாழ வேண்டும்? எனக்கு மனசே ஆறவில்லை.

பதில் 1:
அவள் சும்மா இருந்துவிடவில்லையே! அந்த இடத்திலேயே அறைந்தாள். அவன் திருப்பி அடித்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். விவாகரத்து கேட்டதும் அவள்தான். ஆறு மாதம் சேர்ந்திருங்கள் என்றது கோர்ட்டு.

பதில் 2:
பிரேமின் அத்தையைக் கவனித்தீர்களா? புருஷன் விட்டுவிட்டுப் போனவள், அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு சந்தியாவை விரட்டுகிறாள். எனக்கு அதுதான் ரொம்ப வலித்தது. டீச்சர் வேலை கிடைத்தால் சம்பளம் வரும் என்றுதானே அந்த வீட்டில் மருமகளாக எடுத்தார்கள்?

கேள்வி கேட்டவர்:
சரி, அத்தை விஷயம் ஒப்புக்கொள்கிறேன். பிரேமும் சந்தியாவும் ஆளுக்கொரு பாட்டை மாற்றி மாற்றிப் போட்டுச் சண்டை போடுவார்களே, அதுவும் அருமை. ஆனாலும் கடைசியில் வரும் போட்டியில் மனைவியைத் தூக்கிக்கொண்டு ஓடி ஜெயித்தால் போதுமா? நண்பர்களிடம் பேசியதற்கு, அதே நண்பர்கள் முன்னால் அவன் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும்.