‘ஸ்மூத் பூச்சு’: மெருகா, தீற்றா?

> காரைக்குடியில் புது வீட்டு உள்சுவருக்கு ஒப்பந்தம் எழுத வேண்டும். ‘ஸ்மூத் பூச்சு’ என்பதை ‘மெருகுப்பூச்சு’ என்று தமிழாக்கலாமா?

வணக்கம். செட்டிநாட்டில் அந்தச் சொல் ஆபத்து. மெருகு என்று படித்ததும் கானாடுகாத்தான் வீடுகளின் சுவர்தான் கண்ணில் வரும். கடுக்காய் நீர் சேர்த்த சுண்ணாம்புச் சாந்தை அடுக்கடுக்காகப் பூசி, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு கலந்து, ஈரம் போவதற்குள் கல்லால் தேய்த்துப் பளபளப்பு ஏற்றிய வேலை அது. அதில் செலவே ஆள்கூலிதான். சிமெண்ட் சுவருக்கு அந்தப் பெயரை வைத்தால் வீட்டுக்காரர் ஒன்றை நினைப்பார், கொத்தனார் வேறொன்றைச் செய்வார்.

உண்மையில் ‘ஸ்மூத்’ என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று வேலை ஒளிந்திருக்கிறது. சிமெண்ட் பூச்சை மணியாசுக் கட்டையால், அதாவது பூச்சைச் சமன்செய்யும் தட்டைக் கட்டையால், தேய்த்து விடுவது ஒன்று. அதன்மேல் பட்டி (வால் புட்டி) இழுப்பது இன்னொன்று. சிமெண்டே இல்லாமல் செங்கல்மேல் நேராக ஜிப்சம் பூசுவது மூன்றாவது. விலை மூன்றுக்கும் மூன்று. என் பரிந்துரை: கனமாகப் பூசுவது ‘அடிப்பூச்சு’, கட்டை வேலை ‘தேய்ப்பு’, மேலே மெல்லிதாக இழுப்பது ‘தீற்று’. சுதை, அதாவது சுண்ணாம்புச் சாந்து, தீற்றுதல் பழைய வழக்குதானே.

> தீற்று அழகான சொல். ஆனால் சித்தாளுக்குப் புரியுமா? எல்லாவற்றையும் ‘பூச்சு’ என்று எழுதி, கனத்தை மட்டும் போட்டால் போதாதா ஐயா?

கனம் போடத்தான் வேண்டும், காசு அங்கேதான் ஓடுகிறது. 100 சதுர அடிக்கு 12 மி.மீ. கனம், 1:5 கலவை (சிமெண்ட் ஒரு பங்கு, மணல் ஐந்து) என்றால், மேடுபள்ளத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி, சுமார் 42 கிலோ சிமெண்டும் 5 கன அடி மணலும் போகும். கட்டுவேலை தூக்குக்குண்டுக்கு நேராக நிற்காமல் சுவர் 20 மி.மீ. கேட்டால், அதே 100 சதுர அடி மேலும் 23 கிலோ சிமெண்டையும் கிட்டத்தட்ட 3 கன அடி மணலையும் விழுங்கும். பூச்சில் வரும் இந்தக் கூடுதல் செலவு, கட்டுவேலையில் விட்ட கோணல். ஒரே மூச்சில் அப்படிக் கனமாக அப்பினால் சரிந்து விரிசலும் விடும்; இரண்டு தடவையாகப் பூச வேண்டும்.

ஆனால் கனத்தை மட்டும் எழுதினால் மேல்வேலை விட்டுப்போகும். அங்கேதான் ஒரு தந்திரம் நடக்கும். பூச்சு சீக்கிரம் இறுக வேண்டும் என்று காய்ந்த சிமெண்டைச் சுவரில் தூவித் தேய்ப்பார்கள். அன்றைக்கு வழவழ என்றிருக்கும். மேல்தோல் மட்டும் சிமெண்ட் மிகுந்து சுருங்குவதால், பிறகு சிலந்திவலை மாதிரி மயிர்விரிசல் ஓடும். ‘தேய்ப்பு: சிமெண்ட் தூவாமல்’ என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கட்டும். கான்கிரீட் தூணும் செங்கலும் சேரும் இடத்தில் கோழிவலை அடிக்கவில்லை என்றாலும் கோடு விழும். அதற்குத் தீற்றைக் குறை சொல்லக் கூடாது.

சித்தாளுக்குப் புரிய, ‘பட்டித் தீற்று’, ‘ஜிப்சப் பூச்சு’ என்று பொருளைச் சேர்த்து எழுதலாம். இரண்டு தடவை இழுத்தால் பட்டி, கிலோவுக்கு 10 முதல் 15 சதுர அடி வரும், தேய்ப்பு நன்றாக இருந்தால். அடிப்பூச்சுக்கு 7 நாளாவது தண்ணீர் காட்டி, காயவிட்ட பிறகே இழுக்க வேண்டும். ஈரத்தில் இழுத்தால் உரியும். ஜிப்சத்துக்குத் தண்ணீர் காட்டும் வேலை இல்லை, அதனால்தான் சிலர் அதைத் தேடி ஓடுகிறார்கள். 25 கிலோ மூட்டை 12 மி.மீ. கனத்தில் சுமார் 20 சதுர அடிதான். குளியலறைப் பக்கம் வேண்டவே வேண்டாம்.

> சரி, தீற்றே இருக்கட்டும். பூச்சுப் பரப்பை அளக்கும்போது கதவு, ஜன்னல் இடத்துக்குக் கழிவு எப்படி?

0.5 சதுர மீட்டருக்குக் குறைந்த திறப்புக்குக் கழிவு இல்லை. அதிலிருந்து 3 சதுர மீட்டர் வரை சுவரின் ஒரு முகத்துக்கு மட்டும் கழித்து, பக்கவாட்டுக் கனத்தைத் தனியே கூட்டாமல் விடுவது வழக்கமான அளவுமுறை. 3 அடிக்கு 7 அடி கதவு அதில்தான் வரும். இதை முதல் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.