விடுதிக் குளத்தின் கட்டு: மாரிக்கு முன்னம் எதைப் பார்க்க வேணும்?

காட்டோரம்:
முல்லைத்தீவு ஒட்டுசுட்டான் பக்கம் உறவுக்காரரின் தனியார் காணியில் சின்னக் குளம் ஒண்டு இருக்குது. வயலுக்கில்லை, விடுதிக்கு வாறவை படகோடவும் பிள்ளையள் குளிக்கவும்தான். மண்கட்டு. நீளம் 90 மீற்றர், நடுவில உயரம் 3.5 மீற்றர், மேல் அகலம் 2 மீற்றர். துருசு (தண்ணி திறந்துவிடுற மதகு) 9 அங்குலக் கியூம் குழாய் (கொங்கிறீற்றுக் குழாய்). வான் (மிஞ்சின தண்ணி வழிஞ்சு போற இடம்) 10 மீற்றர் அகலக் கொங்கிறீற்று. படகுக்குத் தண்ணி நிக்க வேணுமெண்டு வானுக்கு மேல இரண்டு வரிசை மண்மூடை அடுக்கி, மீன் போகாமல் வலையும் கட்டியிருக்கினம். வான் மட்டத்துக்கும் கட்டின் மேல்தளத்துக்கும் இடையில 1 மீற்றர். தண்ணி வந்து சேருற காடு கிட்டத்தட்ட 1 சதுர கிலோமீற்றர். கட்டில ஒரு பெரிய மருது, இரண்டு கறையான் புற்று. குழாய் வெளிய வாற இடத்தைச் சுத்தி எப்பவும் ஈரம். ஆவணி முடியப்போகுது. எதில தொடங்குறது?

துருசடி:
மூடையையும் வலையையும் இண்டைக்கே எடுப்பியுங்கோ. மிச்சமெல்லாம் பிறகு.

கணக்கைப் பாருங்கோ. கார்த்திகையில மண் ஊறி நிக்கேக்க ஒரு மணித்தியாலத்தில 50 மில்லிமீற்றர் பெய்து, அதில பாதி ஓடி வந்தாலே உங்கட குளத்துக்குச் செக்கனுக்கு 7 கனமீற்றர் வரும். 10 மீற்றர் வானால அவ்வளவும் போக வான் மட்டத்துக்கு மேல 60 சென்ரிமீற்றர் தண்ணி ஏற வேணும். மிஞ்சுறது 40. மூடை அதில 30 ஐத் தின்னுது. மிச்சம் 10 சென்ரிமீற்றர் காத்தடிச்சா எழும்புற அலைக்கே காணாது. வலையில சருகும் சல்வீனியா எண்ட மிதக்கிற களையும் அடைச்சால் அதுவுமில்லை. மண்கட்டுக்கு மேலால தண்ணி போகத் தொடங்கினால் வெளிச்சரிவு அரிச்சுக் கட்டு போறதுக்குக் கனநேரம் தேவையில்லை.

அந்த 1 மீற்றரும் எந்த இடத்தில அளந்தது? நடுக்கட்டுத்தான் கூடத் தாழும். மேசன்மார் பாவிக்கிற தண்ணிக் குழாயால 5 மீற்றருக்கு ஒருக்கா மட்டம் பிடியுங்கோ. பதிஞ்ச இடத்தில புல்லைச் செதுக்கி, மேல்மண்ணைக் கிண்டிவிட்டு, களி கலந்த கிறவலை (சரளை மண்) 15 சென்ரிமீற்றர் படையாய்ப் போட்டு இறுக்க வேணும். மண்ணைக் கையில பிடிச்சால் உருண்டையாய் நிக்க வேணும், இடுப்புயரத்தில இருந்து விட்டால் உடைய வேணும். அதுதான் சரியான ஈரம். பெக்கோ (மண் கிண்டுற இயந்திரம்) மேல ஓடினால் இறுகும் எண்டு விடாதேங்கோ, ரோலர் வேணும்.

கிறவல்:
குழாயடி ஈரம்தான் எனக்குப் பயம். குழாயின்ர கீழ் வளைவுக்குள்ள மண் ஒழுங்காய் இறுகாது. அதால குழாயின் வெளிப்புறத்தைப் பிடிச்சுக்கொண்டு தண்ணி வரும், மூட்டு விலகினால் இன்னும் மோசம். கந்தளாய்க் குளம் உடைஞ்சது 1986 சித்திரை 20, மாரியில இல்லை. மழை இல்லாட்டிக் கட்டுக்கு ஆபத்தில்லை எண்டு நினைக்கக் கூடாது.

கசிவைச் சின்ன வாய்க்காலில சேர்த்து, ஒரு லீற்றர்ப் போத்தல் நிரம்ப எத்தனை செக்கன் எண்டு கிழமைக்கொருக்கா எழுதுங்கோ. பக்கத்தில குள மட்டத்தையும் எழுத வேணும். மட்டம் கூடாமல் கசிவு கூடினால் உள்ளுக்க ஏதோ நடக்குது.

காட்டோரம்:
தண்ணி தெளிவாய்த்தான் வருது. சீமெந்து பூசி அடைக்கலாமோ? மருதை இப்பவே தறிக்கலாமோ?

கிறவல்:
அடைக்கவே கூடாது. உள்ள அழுத்தம் கூடி வேற இடத்தால வெடிக்கும். தண்ணி வரட்டும், மண் வரக்கூடாது. கசிவுக்கு மேல பருமணல் 15 சென்ரிமீற்றர், அதுக்கு மேல முக்கால் அங்குலச் சல்லி அதே அளவு, பிறகு கல். கண்ணுக்குத் தெளிவு எண்டதை நம்பாதேங்கோ. கண்ணாடிப் போத்தலில பிடிச்சு ஒரு இரவு வைச்சுப் பாருங்கோ. அடியில மண் படிஞ்சால் குளத்தை இறக்கத்தான் வேணும். ஒரு நாளைக்கு ஒரு அடிக்கு மேல இறக்கினால் ஈரம் ஊறின உட்சரிவு சரியும். கட்டு உடையப்போகுது எண்ட நிலையில மட்டும் அந்தக் கணக்குப் பார்க்கத் தேவையில்லை.

மருதைத் தறிச்சுக் குத்தியை விட்டால், சில வருசத்தில வேர் உக்கி, அந்த வழியே தண்ணிக்குக் குழாயாகும். குத்தியோட பெருவேரையும் கிளப்பி, குழியைச் சரிவாய் வெட்டி, படைபடையாய் நிரப்ப வேணும். தண்ணி அடியில கிடக்கிற நேரத்து வேலை அது. மழைக்கு முன்னம் முடிக்கேலாட்டி அடுத்த கோடைக்கு விடுங்கோ. புற்றை இப்பவே வெட்டலாம், அறை முடியுமட்டும் போய்க் களிமண்ணால இறுக்குங்கோ.

முறிப்பு:
ஒரு விசயம். யுத்த காலத்தில வன்னியில குளக்கட்டுகளும் காவலரணாய் இருந்தது. காணி கண்ணிவெடி அகற்றிக் கையளிச்சதோ எண்டு கேட்டு அறியாமல் பெக்கோவை இறக்காதேங்கோ. துருப்பிடிச்ச இரும்பு கண்டால் தொடாமல் பொலிசின் 119 க்கு அடியுங்கோ.

குளிக்கிற இடம் துருசுக்கும் வானுக்கும் எட்டவாய் இருக்க வேணும். துருசு திறந்தால் வாயில இழுவை பயங்கரம், பெரியாக்களும் தப்பேலாது. வாய்க்கு இரும்புக் கம்பிக்கூடு போடுங்கோ. திறக்கிற நாளில ஒருத்தரும் தண்ணிக்குள்ள இறங்கக்கூடாது. முதலை இருக்கோ எண்டு இரவில ரோச் அடிச்சுப் பாருங்கோ, கண் சிவப்பாய் மினுங்கும்.

கீழ இருக்கிற வீடுகளும் அடுத்த குளமும் எது? உங்கட கட்டு உடைஞ்சால் அந்தக் கட்டுக்கும் அடி. அங்கத்தை ஆக்களின்ர தொலைபேசி இலக்கம், கிராம சேவையாளரின்ர இலக்கம், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, மூண்டையும் விடுதி வாசலில எழுதி ஒட்டுங்கோ. வான் மட்டத்தை மாத்துறதெண்டால் முதலில கமநல சேவை நிலையத்தில கதையுங்கோ.

காட்டோரம்:
மூடை எடுத்தாச்சு. வலைக்கம்பி கொங்கிறீற்றுக்குள்ள பதிச்சுக் கிடக்குது, நாளைக்குக் கிரைண்டர் வருது.

துருசடி:
கம்பியை மட்டத்தோட வெட்டுங்கோ. குறுக்காய் ஒரு விரல் நீட்டி நிண்டாலும் சருகு பிடிக்கும்.